“தடை இருக்கு” என்று யாராவது சொன்னால்: வன்னியில் பேச்சுரிமையை அரசு எப்போது சட்டப்படி மட்டுப்படுத்தலாம்

இலங்கையின் வடக்கேயுள்ள வன்னியில் ஒரு கூட்டத்தையோ நினைவேந்தலையோ ஊர்வலத்தையோ ஒழுங்குசெய்யப் புதிதாக இறங்கியவரின் காதில் முதலில் விழுகிற சொல் “தடை இருக்கு” என்பதுதான். கிராம அலுவலர் சொல்வார், பந்தல்காரர் சொல்வார், சிவில் உடையில் மோட்டார் சைக்கிளில் வந்தவர் சொல்வார். அந்தச் சொல்லுக்குப் பின்னால் நான்கு வேறு விடயங்கள் இருக்கலாம்: நீதவானின் கட்டளை, பொலிஸ் அதிகாரியின் எழுத்துமூலத் தீர்மானம், ஏற்கெனவே உள்ள சட்டமொன்றின் பொதுத் தடை, அல்லது யாரோ ஒருவரின் விருப்பம். முதல் மூன்றையும் தாளில் காட்ட முடியும். நான்காவதைக் காட்ட முடியாது. கீழே சொல்லப்படுவதெல்லாம் இந்த நான்கையும் பிரித்தறிந்து, ஒவ்வொன்றுக்கும் உரிய பதிலை உரிய நாளுக்குள் கொடுப்பதற்கான வழிதான். கிராம அபிவிருத்திச் சங்கம், கடற்றொழிலாளர் சங்கம், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் சங்கம், கோயில் பரிபாலன சபை என ஏதாவதொன்றில் புதிதாகச் செயலாளர் ஆனவரையும், பத்திரிகைக்குப் பிரதேசச் செய்தி அனுப்பத் தொடங்கியவரையும் மனதில் வைத்து எழுதப்பட்டது.

அளவுகோல் எங்கே எழுதப்பட்டிருக்கிறது

அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை பேச்சு, கருத்து வெளிப்பாடு, வெளியீடு ஆகியவற்றுக்கான சுதந்திரத்தை ஒவ்வொரு பிரசைக்கும் தருகிறது. 14(1)(ஆ) அமைதியாக ஒன்றுகூடும் சுதந்திரத்தைத் தருகிறது. “பிரசை” என்ற சொல்லைக் கவனியுங்கள். தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பிவந்து, பிரசாவுரிமைப் பதிவு முடியாமல் இருப்பவர்கள் எங்கள் பகுதியில் இருக்கிறார்கள். அவர்களின் பெயரில் மட்டும் 14ஆம் உறுப்புரையின் கீழ் மனுப் போட்டால் முதல் நாளே ஆட்சேபனை வரும். மனுதாரர்களில் அடையாள அட்டையுள்ள பிரசை ஒருவராவது இருக்கட்டும். காரணம் சொல்லாமல் கைதுசெய்யக்கூடாது என்கிற 13ஆம் உறுப்புரையும் சித்திரவதையைத் தடுக்கும் 11ஆம் உறுப்புரையும் எல்லா ஆட்களுக்கும் உரியவை. அங்கே இந்தச் சிக்கல் இல்லை.

இந்தச் சுதந்திரத்தை எந்தக் காரணங்களுக்காக மட்டுப்படுத்தலாம் என்பது 15ஆம் உறுப்புரையில் இருக்கிறது. 15(2) ஐந்து காரணங்களைச் சொல்கிறது: இன, மத இணக்கம், பாராளுமன்றச் சிறப்புரிமை, நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றமொன்றுக்குத் தூண்டுதல். 15(7) தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், ஒழுக்கம், மற்றவர்களின் உரிமைகளுக்கு மதிப்பளித்தல், சனநாயக சமுதாயத்தின் பொதுநலன் ஆகியவற்றைச் சேர்க்கிறது. அவ்வளவுதான் பட்டியல். அமைச்சர் வருகிறார், முகாம் பக்கத்தில் இருக்கிறது, அரசாங்கத்துக்குக் கெட்டபெயர் வரும் என்பவை பட்டியலில் இல்லை.

10ஆம் உறுப்புரை சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் மதத்துக்கும் உரியது. அதற்கு 15ஆம் உறுப்புரை எந்த மட்டுப்பாட்டையும் அனுமதிக்கவில்லை. செத்துப்போன பிள்ளையை ஒரு தாய் மனதில் நினைப்பதை எந்தச் சட்டமும் தொடமுடியாது. அவர் பொது இடத்தில் விளக்கேற்றும்போதுதான் 14ஆம் உறுப்புரையும் அதன் மட்டுப்பாடுகளும் வருகின்றன. மனுவிலோ கடிதத்திலோ இரண்டையும் கலக்காமல் எழுதினால் உங்கள் வாதம் பலமாக நிற்கும்.

எந்தத் தடையிடமும் கேட்கவேண்டிய மூன்று கேள்விகள்

1. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு? மட்டுப்பாடு சட்டத்தால் விதிக்கப்பட்டிருக்கவேண்டும். சுற்றறிக்கையும் தொலைபேசி அழைப்பும் “மேலிடத்து உத்தரவும்” சட்டமல்ல. ஒரு விதிவிலக்கு உண்டு: பொதுமக்கள் பாதுகாப்பு தொடர்பான சட்டத்தின் கீழ் ஆக்கப்படும் ஒழுங்குவிதிகளையும் 15(7) சட்டமாகவே எண்ணுகிறது.

2. எந்தக் காரணம்? மேலே சொன்ன பட்டியலில் ஒன்றாக இருக்கவேண்டும்.

3. இவ்வளவு தடை வேண்டுமா? நேரத்தை மாற்றினால் போதுமா, இடத்தைச் சற்று நகர்த்தினால் போதுமா, ஒரு பதாகையை மட்டும் எடுத்தால் போதுமா என்று பாருங்கள். போதும் என்றால் முழு நிகழ்வையும் நிறுத்துவது மிகை.

மூன்றாவது கேள்வியில்தான் புதியவர்கள் பெரும்பாலும் இடறுகிறார்கள். குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 19(3) உறுப்புரை, மட்டுப்பாடு “தேவையானதாக” இருக்கவேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. இலங்கை 1980 யூன் 11இல் அதில் சேர்ந்தது. ஆனால் எங்கள் அரசியலமைப்பின் 15ஆம் உறுப்புரையில் அந்தச் சொல் இல்லை. உள்நாட்டுச் சட்டமாக்கப்படாத உடன்படிக்கை இங்கே நேரடியாக உரிமை தராது என்று நாட்டின் அதியுயர்ந்த நீதிமன்றமான உயர் நீதிமன்றம் 2006இல் சிங்கராசா வழக்கில் சொன்னதையும் சேர்த்துப் பார்த்தால், உடன்படிக்கையை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு உள்நாட்டு நீதிமன்றத்தில் நிற்க ஏலாது. உள்நாட்டுத் தீர்ப்புகளை முன்னே வைத்து, உடன்படிக்கையை அவற்றுக்குத் துணையாக வையுங்கள்.

முதலில் வைக்கவேண்டிய தீர்ப்பு 1987இன் யோசப் பெரேரா வழக்கு. சிலாபத்தில் ஒரு மாணவர் அமைப்பு கூட்டத்துக்காக விட்ட துண்டுப்பிரசுரத்தில் தொடங்கியது அது. துண்டுப்பிரசுரம் விநியோகிக்கப் பொலிஸ் அனுமதி வேண்டும் என்ற அவசரகால ஒழுங்குவிதி செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்த்தது. அவசரகாலத்தில்கூட, பேச்சுக்கும் வரக்கூடிய தீங்குக்கும் இடையே நெருங்கிய தொடர்பு இருக்கவேண்டும் என்பதே அதன் சாரம். 1993இன் அமரதுங்க எதிர் சிறிமால் வழக்கில், மேளமடித்தும் மணியடித்தும் அரசுக்கு எதிராகச் சத்தமெழுப்புவதும் கருத்து வெளிப்பாடே என்று சொல்லப்பட்டது. கறுப்புக் கொடி, தீச்சட்டி, வாயில் கறுப்புத் துணி எல்லாவற்றுக்கும் இந்தத் தீர்ப்புக் கைகொடுக்கும்.

அதற்காக எல்லாத் தடையும் விழுந்துவிடும் என்று நினைக்கவேண்டாம். வன்னியில் யுத்தம் உச்சத்தில் இருந்த காலத்து இராணுவச் செய்தித் தணிக்கையை எதிர்த்துச் சுனிலா அபேசேகர போட்ட மனுவை 2000இல் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நடந்துகொண்டிருக்கும் படை நடவடிக்கையின் விபரம் என்பதால் அந்த மட்டுப்பாட்டை ஏற்றுக்கொண்டது. போர் இல்லாத காலத்தில் அதே நியாயத்தை அரசு சொன்னால், அந்த வேறுபாட்டை எடுத்துக்காட்டவேண்டியது உங்கள் பக்கத்து வேலை.

நீதவானின் கட்டளை கையில் கிடைத்தால்

போரில் இறந்தோரின் நினைவேந்தல்கள் நடக்கும் நவம்பரிலும் மே மாதத்திலும் எங்கள் மாவட்டங்களில் அதிகம் பயன்படுவது 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 106ஆம் பிரிவு. கலகம், கைகலப்பு, உயிராபத்து, இடையூறு போன்றவற்றை உடனடியாகத் தடுக்கவேண்டும் என்று நீதவான் கருதினால், ஒரு செயலைச் செய்யாதிருக்கும்படி எழுத்தில் கட்டளையிடலாம். அவசரமென்றால் மறுதரப்பைக் கேட்காமலும் இடலாம். பொலிஸார் நீதிமன்றம் போன செய்தியே தெரியாமல், நிகழ்வுக்கு முதல்நாள் மாலை வீட்டுப் படலையில் கட்டளை வந்து நிற்பது அதனால்தான்.

தாள் கைக்கு வந்தவுடன் சண்டை பிடிக்காமல் வாங்குங்கள். வாங்கிய நாளையும் நேரத்தையும் பின்பக்கத்தில் எழுதி, இரண்டு பக்கத்தையும் படமெடுத்துச் சட்டத்தரணிக்கு அனுப்பிவிட்டு ஆறுதலாக வாசியுங்கள்.

பெயர் யாருடையது? 106ஆம் பிரிவுக் கட்டளையைக் குறிப்பிட்ட ஆட்களுக்கும் விடுக்கலாம், குறிப்பிட்ட இடத்துக்கு வருகிற பொதுமக்களுக்கும் விடுக்கலாம். ஐந்து அரசியல்வாதிகளின் பெயர் மட்டும் இருக்கிற கட்டளையைக் காட்டி ஊர்ச்சனம் முழுவதையும் திருப்பி அனுப்புவது அடிக்கடி நடக்கிறது. பெயருக்குப் பின்னால் “மற்றும் பொதுமக்கள்” என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

எந்த இடம்? ஒரு துயிலுமில்லத்தின் (விடுதலைப் புலிகளின் போராளிகள் புதைக்கப்பட்ட இடம்) பெயர் இருந்தால் அது அந்த வளவுக்குரியது. “பொலிஸ் பிரிவு முழுவதும்” என்று இருந்தால் மூன்றாவது கேள்வியை அங்கேயே எழுப்பலாம்.

தடுக்கப்பட்ட செயல் எது? இங்கேதான் ஒவ்வொரு சொல்லாக வாசிக்கவேண்டும். “தடைசெய்யப்பட்ட அமைப்பை ஊக்குவிக்கும் வகையில் நிகழ்வு நடத்தலாகாது” என்று ஒரு கட்டளை சொல்வதாக வைத்துக்கொள்வோம். கொடி, இலச்சினை, சீருடைப் படம், இயக்கப் பாட்டு எல்லாம் அதற்குள் வரும். மகனின் பாடசாலைப் படத்தை வைத்து விளக்கேற்றுவது வருமா? வராது என்று வாதிடலாம். அதை நீதிமன்றத்தில்தான் வாதிடவேண்டும், வீதியில் நின்று பொலிஸாரோடு அல்ல. முறைப்படி விடுக்கப்பட்ட கட்டளையை மீறுவது தண்டனைச் சட்டக்கோவையின் 185ஆம் பிரிவின் கீழ் குற்றமாகலாம்.

காரணமாக எழுதப்பட்ட சங்கதிகள் எவை? கட்டளையில் முக்கிய சங்கதிகள் சொல்லப்பட்டிருக்கவேண்டும். போன வருடம் அதே இடத்தில் அமைதியாக நடந்தது, எந்தக் குழப்பமும் பதிவாகவில்லை என்று காட்ட முடிந்தால் அதுதான் உங்களிடம் உள்ள மிகப் பலமான வாதம்.

திகதி என்ன? 106ஆம் பிரிவின் கீழான கட்டளை 14 நாளுக்கு மேல் நிலைக்காது. நவம்பர் 20இல் விடுக்கப்பட்டது டிசம்பர் தொடக்கத்தில் தானாக முடிந்துவிடும். பழைய கட்டளையின் நிழற்பிரதியை அடுத்த மாதம் கொண்டுவந்து காட்டினால் திகதியைச் சுட்டிக்காட்டுங்கள்.

கட்டளையை இட்ட நீதவானே, அல்லது அவருக்குப் பின் வந்தவரே, அதை நீக்கவோ மாற்றவோ முடியும் என்று அதே பிரிவு சொல்கிறது. ஆகவே முதல் வேலை அதே நீதிமன்றத்தில் நகர்த்தல் பத்திரம் (விடயத்தை உடனே எடுக்கக் கேட்கும் விண்ணப்பம்) போடுவது. “கட்டளையை நீக்கவும்” என்று மட்டும் கேட்காதீர்கள். “நீக்கவும், இல்லையேல் கொடி, இலச்சினை, ஒலிபெருக்கி இன்றி, மாலை 6 மணி முதல் 7 மணி வரை, உறவினர்கள் விளக்கேற்ற அனுமதிக்கும் வகையில் மாற்றவும்” என்று இரண்டையும் கேளுங்கள். நீதவானுக்குக் கையொப்பமிட இலகுவான ஒரு வழியைக் கொடுத்தால் அதே நாளில் மாற்றுக் கட்டளை கிடைக்க வாய்ப்பு அதிகம். அது சரிவராவிட்டால் மாகாண மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு மனு.

ஒரு தவறை இங்கேயே சொல்லிவிடவேண்டும். நீதவானின் கட்டளை நீதித்துறைச் செயல். அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட ஏலாது. அந்த மனு நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்குரியது. இதை அறியாமல் கொழும்புக்கு ஓடிக் காசும் நாளும் இழந்தவர்கள் பலர். பொலிஸார் கட்டளையின் எல்லையைத் தாண்டி நடந்தால், அந்தத் தாண்டிய பகுதி நிர்வாகச் செயல். அதற்கு மனுப் போடலாம்.

நிகழ்வுக்கு ஒரு கிழமைக்கு முன்னிருந்தே யாராவது ஒருவர் நீதிமன்றப் பதிவகத்தில் நாளாந்தம் விசாரிக்க ஏற்பாடு செய்யுங்கள். விண்ணப்பம் வரும் நாளிலேயே உங்கள் சட்டத்தரணி எழுந்து நின்றால் கட்டளையின் வடிவமே வேறாகிவிடும்.

ஊர்வலமும் ஒலிபெருக்கியும்

பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77ஆம் பிரிவின்படி, பொது இடத்தில் ஊர்வலம் போவதானால் தொடங்கும் நேரத்துக்குக் குறைந்தது 6 மணித்தியாலத்துக்கு முன், தொடங்கும் இடத்துக்குக் கிட்டிய பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு அறிவித்தல் கொடுக்கவேண்டும். சட்டம் கேட்பது அறிவித்தல். அனுமதி அல்ல. ஆகவே கடிதத்தில் “அனுமதி தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்” என்று எழுதாமல் “77ஆம் பிரிவின் கீழ் இத்தால் அறிவிக்கிறோம்” என்று எழுதுங்கள். தொடங்கும் இடம், முடியும் இடம், பாதை, நேரம், எதிர்பார்க்கும் ஆட்தொகை, பொறுப்பானவரின் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைச் சேருங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் முத்திரையும் நேரமும் வாங்குங்கள். முத்திரை தர மறுத்தால் பதிவுத்தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். 6 மணித்தியாலம் என்பது ஆகக்குறைந்தது. மூன்று நாளுக்கு முன்னரே கொடுப்பது நல்லது.

ஊர்வலத்தை நிறுத்தவோ நிபந்தனை விதிக்கவோ உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரிக்கே அதிகாரம் உண்டு. பொது ஒழுங்கைப் பேண அவசியம் என்று அவர் கருதவேண்டும். சார்ஜன்ட் ஒருவர் வந்து சொல்வது அந்தக் கட்டளை ஆகாது.

ஏ-9 வீதியை முழுதாக மறித்தால் நோயாளர் வண்டி நிற்கும், மற்றவர்களின் உரிமை என்ற காரணம் உடனே பொலிஸாரின் கைக்கு வந்துவிடும். வீதியோரம் நில்லுங்கள். கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் போராட்டம் அத்தனை காலம் நீடித்ததற்கு, கொட்டில் வீதியை மறிக்காமல் ஓரமாக இருந்ததும் ஒரு காரணம் என்பது எங்கள் கணிப்பு.

ஒலிபெருக்கிக்கு மட்டும் உண்மையாகவே அனுமதிப்பத்திரம் வேண்டும். இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் அது பொதுவாகக் கிடைக்காது. 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் வெலிகமப் பள்ளிவாசல் தொடர்பான வழக்கில் கொடுத்த பணிப்பு அது. கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் விகாரைக்கும் ஒன்றுபோலப் பொருந்தும். என்ன பேசுகிறீர்கள் என்பதைத் தொடாமல் சத்தத்தை மட்டும் கட்டுப்படுத்துவதால், நியாயமான மட்டுப்பாட்டுக்கு நல்ல உதாரணம் இது.

எழுத்தும் பேச்சும்: எங்கே உண்மையான எல்லை

முல்லைத்தீவுக் கரையோரத்தை எடுத்துக்கொள்வோம். வெளிமாவட்டப் படகுகள் வந்து தொழில் செய்வதைப் பற்றி முகநூலில் இரண்டு பதிவுகள் வருகின்றன என்று கற்பனை செய்யுங்கள். ஒன்று: “அனுமதிப்பத்திரம் இல்லாத படகுகளைக் கடற்றொழில் திணைக்களம் உடனே வெளியேற்றவேண்டும். இல்லாவிட்டால் திணைக்கள வாசலில் இருப்போம்.” மற்றது: “இண்டைக்கு இரவு அவங்கட வாடியளைக் கொளுத்துவம், எல்லாரும் கரைக்கு வாங்கோ.”

இரண்டாவதைத் தடுக்க அரசுக்கு உரிமை மட்டுமல்ல, கடமையும் உண்டு. சர்வதேச உடன்படிக்கையின் 20ஆம் உறுப்புரை, பாகுபாட்டுக்கோ பகைமைக்கோ வன்முறைக்கோ தூண்டுதலாக அமையும் இன, மத வெறுப்புப் பரப்புரையைச் சட்டத்தால் தடைசெய்யச் சொல்கிறது. எங்கே கோடு கிழிப்பது என்பதற்கு ஐக்கிய நாடுகளின் 2012ஆம் ஆண்டு ரபாத் செயற்றிட்டம் ஆறு விடயங்களைப் பார்க்கச் சொல்கிறது: சூழல், பேசியவரின் நிலை, நோக்கம், உள்ளடக்கமும் வடிவமும், எவ்வளவு பேருக்குப் போய்ச்சேர்ந்தது, தீங்கு நடக்கும் வாய்ப்பு. முதல் பதிவில் கோபம் இருக்கிறது, ஆனால் அது ஒரு திணைக்களத்தை நோக்கியது, சட்டவழியைக் கேட்கிறது. இரண்டாவதில் இலக்கு ஒரு சமூகம், நேரம் இன்றிரவு, செயல் தீவைப்பு. சங்கத்தின் பக்கத்தில் பதிவு போடும் பொறுப்பை ஒருவருக்குக் கொடுத்தால், போடுமுன் இந்த ஆறையும் பார்க்கப் பழக்குங்கள். பின்னூட்டங்களையும் பார்க்கவேண்டும். முதல் பதிவின் கீழ் இரண்டாவது மாதிரியான பின்னூட்டம் வந்தால் படமெடுத்து வைத்துக்கொண்டு நீக்கிவிடுங்கள்.

இதற்கான உள்நாட்டுச் சட்டம் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். (மேலே சொன்ன சர்வதேச உடன்படிக்கையின் ஆங்கிலச் சுருக்கம்) சட்டத்தின் 3ஆம் பிரிவு. தண்டனை 10 ஆண்டு வரை. நீதவானால் பிணை கொடுக்க முடியாது, மேல் நீதிமன்றம்தான் கொடுக்கலாம். வெறுப்புப் பேச்சிலிருந்து சிறுபான்மையினரைக் காக்கவேண்டிய இந்தப் பிரிவு எழுத்தாளர்கள் மீதே பாய்ந்திருக்கிறது. சிங்களச் சிறுகதை எழுத்தாளர் சக்திக சத்குமார 2019இல் இதன் கீழ் நான்கு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார்.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 2(1)(ஏ) என்று பொதுவாகத் தமிழில் குறிக்கப்படும் பந்தி (ஆங்கிலத்தில் 2(1)(h)), சொல்லாலோ எழுத்தாலோ குறியாலோ இனங்களுக்கிடையே பகையுணர்வை ஏற்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. ஊடகவியலாளர் திசைநாயகத்துக்கு 2009 ஓகஸ்டில் 20 ஆண்டுச் சிறை கிடைத்தது இந்தச் சட்டத்தின் கீழ், எழுதிய கட்டுரைகளுக்காகவும்தான். பின்னர் பிணையில் வெளியே வந்து, பொதுமன்னிப்பும் பெற்றார். மன்னாரைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜசீம் 2020 மேயில் கைதானார். ஒரு கவிதைத் தொகுப்புச் சந்தேகத்துக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது. 2021 டிசம்பரில் பிணை, 2023 டிசம்பரில் விடுதலை. கவிதையைச் சரியாக மொழிபெயர்க்காமல் வாசித்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடக் கனமான பாடம் எங்கள் மாவட்டங்களில் இல்லை. உங்கள் தமிழ் எழுத்து வழக்கில் வந்தால், பொலிஸ் தரப்பின் மொழிபெயர்ப்பை அப்படியே ஏற்காதீர்கள். சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பை உங்கள் பக்கத்திலிருந்தும் தாக்கல் செய்யுங்கள்.

தமிழீழ விடுதலைப் புலிகள் மீதான தடை, 2011இல் அவசரகால நிலை முடிந்தபின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் ஒழுங்குவிதிகள் மூலம் தொடர்கிறது. நினைவேந்தல்களில் கைதுக்குக் காரணமாகக் காட்டப்படுவது பெரும்பாலும் ஒரு பதாகையின் மூலையில் இருக்கும் சின்னமோ சீருடைப் படமோதான். அச்சகத்துக்குக் கொடுக்குமுன் ஒவ்வொரு பதாகையையும் இருவர் பார்த்துக் கையொப்பமிடும் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். வெளியாட்கள் அன்று கொண்டுவரும் பதாகைகளைப் பார்க்க வாசலில் ஒருவரை நிறுத்துங்கள்.

அரசியல் கோரிக்கைகளில் ஒரு தெளிவு இருக்கிறது. 1983இன் ஆறாவது திருத்தம் தனிநாட்டுக்கு ஆதரவு கொடுப்பதைத் தடுக்கிறது. சமஷ்டி (கூட்டாட்சி) கேட்பது பிரிவினை ஆகாது என்று 2017 ஓகஸ்ட் 4இல் உயர் நீதிமன்றம், தமிழரசுக் கட்சியின் மாவை சேனாதிராசா எதிர்மனுதாரராக இருந்த வழக்கில் தீர்த்தது. “சமஷ்டி” என்ற சொல்லைப் பதாகையில் போடவேண்டாம் என்று யாராவது சொன்னால் இந்தத் தீர்ப்பின் பிரதியைக் கொடுங்கள்.

தண்டனைச் சட்டக்கோவையின் 120ஆம் பிரிவு அரசுக்கு எதிரான வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்குகிறது. அதன் விளக்கத்தைப் பலர் வாசிப்பதில்லை. அரசின் நடவடிக்கை பிழையென்று காட்டுவதும், திருத்தும் நோக்கோடு குறைகளைச் சுட்டுவதும், சட்டவழியில் மாற்றம் கேட்பதும் குற்றமல்ல என்று அந்த விளக்கமே சொல்கிறது.

குற்றவியல் அவதூறு 2002இல் நீக்கப்பட்டது. “அவதூறு, உள்ளே போடுவன்” என்று ஒரு அதிகாரி மிரட்டினால் அப்படியொரு குற்றம் இப்போது இல்லை. குடியியல் வழக்குப் போட்டு நட்டஈடு கேட்கலாம், ஆகவே ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஊழல் செய்தி எழுதுங்கள். முல்லைத்தீவின் குருந்தூர்மலை, நீராவியடி வழிபாட்டிடப் பிணக்குகள் போல வழக்குக்குப் போன விடயங்களில் தீர்ப்பை விமர்சிக்கலாம். நீதவானுக்கு உள்நோக்கம் கற்பித்தால் 2024ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் நினைவில் இருக்கட்டும். அதே ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பொய்யான கூற்றுகளுக்கு 5 ஆண்டு வரை சிறை வைக்கிறது. அங்கே உங்களைக் காப்பது மூலம்தான். யார் சொன்னது, எப்போது, எந்தப் படம், எந்தப் பதிவு என்பதைச் செய்தி போனபின்னும் அழிக்காதீர்கள்.

முகாம் வேலி, காவலரண் போன்றவற்றைப் படமெடுக்கும்போது 1955இன் அரச இரகசியங்கள் சட்டம் குறுக்கே வரலாம். காணி விடுவிப்புச் செய்திக்கு வேலிக்கு வெளியே நிற்கும் மக்களை எடுங்கள். உள்ளே இருக்கும் கட்டடங்களைக் கிட்டவாக்கி எடுக்கவேண்டாம். ஆசிரியராகவோ வேறு அரச ஊழியராகவோ இருந்துகொண்டு செய்தி அனுப்புபவர்கள் அரச ஊழியருக்கான தாபன விதிக்கோவையையும் பார்க்கவேண்டும். ஒழுக்காற்று நடவடிக்கை அங்கிருந்துதான் வரும்.

அவசரகாலம் என்று சொன்னால்

வர்த்தமானியை (அரசிதழை) பாருங்கள். அரச அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழிலும் வரும். பிரகடனம் ஒரு தடவைக்கு ஒரு மாதம்தான் செல்லும், 14 நாளுக்குள் பாராளுமன்றம் அங்கீகரிக்கவேண்டும். பிரகடனம் இருக்கிறது என்பதற்காக எல்லாமே தடையாகிவிடாது, ஒழுங்குவிதியில் எழுதப்பட்டது மட்டுமே தடை. பிரகடனமே கேள்விக்கு அப்பாற்பட்டதும் அல்ல. 2022 யூலையில் விடுக்கப்பட்ட அவசரகாலப் பிரகடனம் அடிப்படை உரிமைகளை மீறியது என்று 2025 யூலையில் உயர் நீதிமன்றம் பெரும்பான்மையாகத் தீர்த்தது.

பொலிஸ் நிலையத்துக்கு வரச்சொன்னால்

தொலைபேசியில் கூப்பிட்டால் மரியாதையாகக் கேளுங்கள்: “சேர், எந்த முறைப்பாடு, எந்தப் பிரிவு எண்டு கடிதத்தில தாங்கோ, சட்டத்தரணியோட வாறன்.” விசாரணைக்குச் சாட்சியை அழைக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை எழுத்துமூலக் கட்டளையையே சொல்கிறது. போகும்போது ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், போகும் நேரத்தை வீட்டில் எழுதிவைத்துவிட்டுப் போங்கள்.

வாக்குமூலத்தை உங்களுக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டவேண்டும், திருத்தவும் சேர்க்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. சிங்களத்தில் எழுதிய தாளை நீட்டிக் கையொப்பம் கேட்டால் தமிழில் எழுதித் தரக் கேளுங்கள். மறுத்தால், கையொப்பத்துக்கு மேல் “எனக்குத் தமிழில் வாசித்து விளங்கப்படுத்தப்படவில்லை” என்று உங்கள் கையால் தமிழில் எழுதுங்கள். பின்னர் வழக்கில் அந்த ஒரு வரிக்குப் பெரிய பெறுமதி வரும்.

கைதுசெய்தால் காரணம் சொல்லவேண்டும். சாதாரண சட்டத்தில் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோகவேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அது 72 மணித்தியாலம். தடுப்புக்காவல் கட்டளை போட்டால் மும்மூன்று மாதமாக 12 மாதம் வரை போகலாம். 2022 திருத்தத்துக்கு முன் 18 மாதமாக இருந்தது. இந்தச் சட்டத்தில் கைதுசெய்தால் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்கவேண்டியது அதிகாரிகளின் கடமை. அவர்கள் அறிவிப்பார்கள் என்று காத்திராமல் நீங்களே 1996 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள். எடுத்துச்செல்லும் தொலைபேசி, கமெரா, பதாகை எல்லாவற்றுக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

ஒரு மாதக் கணக்கு

126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப்போட, மீறல் நடந்த நாளிலிருந்து ஒரு மாதம்தான். நியாயமுள்ள பல வழக்குகள் இந்த ஒரு காரணத்தால் செத்துப்போகின்றன. கொழும்புச் சட்டத்தரணியைத் தேடுவதிலும் காசு சேர்ப்பதிலும் மூன்று கிழமை போய்விடும். ஆகவே நடந்த மறுநாளே வவுனியாவிலுள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்திலோ உங்களுக்கு இலகுவான வேறு அலுவலகத்திலோ முறைப்பாடு பதியுங்கள். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, ஒரு மாதத்துக்குள் முறைப்பாடு கொடுத்திருந்தால் ஆணைக்குழுவில் விசாரணை நிலுவையிலுள்ள காலம் அந்த ஒரு மாதத்தில் எண்ணப்படாது. வெறும் முறைப்பாட்டு இலக்கம் போதாது. விசாரணை நிலுவையில் இருக்கிறது என்று ஆணைக்குழு தரும் கடிதத்தை வாங்கி வையுங்கள், உயர் நீதிமன்றம் அதைக் கேட்கிறது.

தாளே இல்லாமல் தடுத்தார்களென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். பொலிஸாரின் தகவல் அலுவலருக்குத் தமிழில் மூன்று கேள்வி எழுதுங்கள்: இன்ன திகதியில் இன்ன இடத்தில் நிகழ்வு நிறுத்தப்பட்டது எந்தச் சட்டப் பிரிவின் கீழ், அத்தீர்மானத்தை எடுத்த அதிகாரியின் பதவிநிலை என்ன, அதற்கான எழுத்துமூலக் கட்டளையின் பிரதி எங்கே. 14 வேலைநாளுக்குள் தீர்மானம் வரவேண்டும். ஒருவரின் உயிரோ தனிப்பட்ட சுதந்திரமோ சம்பந்தப்பட்டதென்றால் 48 மணித்தியாலம். “அப்படியான கட்டளை எதுவும் இல்லை” என்று பதில் வந்தால் அந்தப் பதிலை மனுவின் முதல் ஆவணமாகக் குறியிட்டுச் சேருங்கள்.